வாந்திக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட வேண்டாம்



இந்த மாத சுகாதாரப் பாடம் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஊசி பற்றியது. ஆஸ்பத்திரியில் அதைக் கீமோதெரபி என்கிறார்கள். நம்ம பக்கம் சுருக்கமாக ‘கீமோ’ என்போம். புற்றுநோய் ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஊசி ஏற்றிய பிறகு வருகிற குமட்டல், வாந்தி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

“வாந்திக்கு ஒரு பாடமா?” என்று சிலர் கேட்கலாம். பாதி ஊசியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண்களிடம் ஏன் போகவில்லை என்று விசாரித்துப் பாருங்கள். பஸ் செலவு, துணைக்கு ஆள் இல்லை, வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்று பல காரணங்கள் சொல்வார்கள். அதோடு சேர்த்து, “என்னால அந்த வாந்தியைத் தாங்க முடியலம்மா” என்பதையும் சொல்வார்கள். ஆறு ஊசி போட வேண்டியவர் மூன்றோடு நிறுத்தினால், நோய்க்குத்தான் லாபம்.

1983-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில், கீமோ எடுத்துக்கொண்டவர்களிடமே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தச் சிகிச்சையில் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது எது, வரிசைப்படுத்திச் சொல்லுங்கள் என்று. முதல் இடம் வாந்திக்கு. இரண்டாவது குமட்டல். முடி கொட்டுவதைப் பற்றித்தான் ஊரே பேசும். ஆனால் அது மூன்றாவதாகத்தான் வந்தது.

அந்தக் காலத்தில் நிலைமை அப்படி. இன்றைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. அது எப்படி மாறியது, யார் மாற்றினார்கள், நமக்கு அதில் என்ன பங்கு என்பதே இந்தப் பாடம்.

உடம்பு ஏன் வாந்தி எடுக்கிறது?

கெட்டுப்போன சாப்பாட்டைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. வெளியே தள்ளிவிடும். அது நம்மைக் காப்பாற்றுவதற்காக உடம்புக்குள் இருக்கிற காவல். கீமோ மருந்து வயிற்றுக்குள் போவதில்லை, பெரும்பாலும் கையில் ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏறுகிறது. ஆனாலும் உடம்பு அதையும் விஷமாகத்தான் எண்ணுகிறது. குடலின் உள்சுவரில் இருக்கும் சில செல்கள் செரட்டோனின் என்கிற பொருளை வெளியே விடுகின்றன. அது அங்கிருக்கும் நரம்பைத் தூண்ட, நரம்பு மூளைக்குச் சேதி சொல்ல, மூளை ‘தள்ளு வெளியே’ என்று உத்தரவு போடுகிறது. ஊசி போட்ட முதல் நாள் வருகிற வாந்திக்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாம் நாளிலிருந்து வருவது கொஞ்சம் வேறு. மூளையிலேயே ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற இன்னொரு பொருள் அதிகமாக வேலை செய்கிறது. ஆக, வீட்டுக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு வாசல். முன்வாசலை மட்டும் பூட்டினால் போதாது. முதல் நாள் நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் சுருண்டு படுப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மூன்றாம் நாள் நாம் ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை, வீட்டில் இருக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘பித்தம் ஏறிப்போச்சு, வயித்தைக் காயப் போட்டா சரியாயிடும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். பட்டினி கிடந்தால் இந்த வாந்தி நிற்காது. உடம்பில் தெம்புதான் போகும்.

யாருக்கு அதிகமாக வரும்?

எல்லாக் கீமோ மருந்தும் ஒரே அளவுக்கு வாந்தியைக் கொண்டுவராது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு வைக்கும்போது கூடவே இதையும் கொடுப்பதுண்டு. அமெரிக்காவில் 1978-இல் இது அனுமதிக்கப்பட்டது. தடுப்பு மருந்து கொடுக்காமல் அதிக அளவில் இதை ஏற்றினால் 100 பேரில் 90 பேருக்கு மேல் வாந்தி வரும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிவப்பு மருந்தும், அதோடு சேர்த்துத் தரும் சைக்ளோபாஸ்பமைடும் இதே கடுமையான வகையில்தான் சேரும்.

ஆளைப் பொறுத்தும் மாறும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதிகம். பிள்ளை உண்டானபோது மசக்கையில் ரொம்பக் கஷ்டப்பட்டவர்களுக்கும், பஸ்ஸில் ஏறினாலே குமட்டுபவர்களுக்கும் அதிகம். மது குடித்துப் பழகியவர்களுக்குக் குறைவு! வீட்டில் ஏற்கெனவே குடிக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெண், வயது நாற்பது, குடிப்பழக்கம் இல்லை, இரண்டு பிள்ளைக்கும் மசக்கை பாடாய்ப்படுத்தியது. நம் குழுக்களில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அதனால் மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் ஊசிக்கு முன்பே, “எனக்கு மசக்கையில் ரொம்ப வாந்தி இருந்தது டாக்டர்” என்று நாமே சொல்லிவிட வேண்டும். அது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல, அவருக்கு வேண்டிய தகவல்.

மருந்து கண்டுபிடித்த கதை

1981-இல் அமெரிக்காவில் கிரல்லா என்ற மருத்துவர், வயிற்றுக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு என்ற பழைய மருந்தை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். வாந்தி ஓரளவு குறைந்தது. அது ஏன் அதிக அளவில் மட்டும் வேலை செய்கிறது என்று தேடிப் போனதில்தான் செரட்டோனின் என்ற முன்வாசல் தெரியவந்தது. அந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்துகளை முதலில் எலியில் சோதிப்பதுதான் வழக்கம். எலிக்கு வாந்தியே வராது! அதன் உடம்பு அமைப்பு அப்படி. அதனால் கீரி மாதிரி இருக்கும் ஃபெரட் என்ற சிறு விலங்கை வைத்துச் சோதித்தார்கள்.

அப்படி வந்ததுதான் ஆன்டான்செட்ரான். 1991-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு நம்மூர் மருந்துக்கடையில் குழந்தைக்கு வாந்தி என்றால் சீட்டில் எழுதித் தருகிறார்களே, அதே மருந்துதான். அது புற்றுநோயாளிகளுக்காகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தது. பின்வாசலுக்கு 2003-இல் அப்ரெபிட்டன்ட் வந்தது. அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சிஸ்பிளாட்டின் ஏற்றியவர்களில் பழைய இரண்டு மருந்தை மட்டும் வாங்கியவர்கள் 100-க்கு 52 பேர் ஐந்து நாளும் வாந்தியில்லாமல், கூடுதல் மருந்து எதுவும் தேவைப்படாமல் இருந்தார்கள். அப்ரெபிட்டன்டையும் சேர்த்து வாங்கியவர்கள் 100-க்கு 73 பேர்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆராய்ச்சி

‘52 பேர், 73 பேர்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, ‘இந்தக் கஷாயம் குடிச்சா வாந்தி நின்னுடும், எங்க அத்தைக்கு நின்னுச்சு’ என்று சொன்னால், அதை எப்படி எடைபோடுவது என்று தெரிய வேண்டும்.

குழுவில் கடன் யாருக்கு முதலில் என்பதில் தகராறு வந்தால் சில இடங்களில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம் அல்லவா? வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். மருந்து ஆராய்ச்சியிலும் இதையேதான் செய்கிறார்கள். யார் புது மருந்து வாங்குவது, யார் பழைய மருந்து வாங்குவது என்பதை மருத்துவரும் முடிவு செய்வதில்லை, நோயாளியும் முடிவு செய்வதில்லை. குலுக்கல்தான். இல்லாவிட்டால் தெம்பாக இருப்பவர்களுக்கெல்லாம் புது மருந்தைக் கொடுத்துவிட்டு, ‘பார், எவ்வளவு நன்றாகக் கேட்கிறது’ என்று சொல்லிவிடலாம். பல ஆய்வுகளில் மருந்து இல்லாத வெறும் மாத்திரையையும் அதே நிறத்தில் செய்து ஒரு பிரிவுக்குக் கொடுப்பார்கள். மனது சொல்லும் சமாதானத்தையும் மருந்து செய்யும் வேலையையும் பிரித்துப் பார்க்க அதுதான் வழி.

அப்புறம் கணக்கு. ஊசி போட்ட நேரத்திலிருந்து 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள், நோயாளியே எழுதி வைக்கிறார். எத்தனை முறை வாந்தி, குமட்டல் எவ்வளவு, தூக்கம் எப்படி, கூடுதலாக மாத்திரை போட்டாரா. நம் குழுவின் வரவு செலவு நோட்டு மாதிரிதான். எழுதாதது கணக்கில் வராது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வாந்தியை அடுத்தவர் பார்க்கலாம், எண்ணலாம். குமட்டலைப் பார்க்க முடியாது. உள்ளே புரட்டிக்கொண்டே இருக்கும், முகத்தில் தெரியாது. அதனால் ரொம்ப வருஷம் ஆராய்ச்சிகள் வாந்தியைத்தான் எண்ணின. குமட்டல் பின்னுக்குப் போய்விட்டது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவர்களிடமும் நர்சுகளிடமும், ‘உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு வீட்டுக்குப் போன பிறகு குமட்டலும் வாந்தியும் வரும்?’ என்று கேட்டார்கள். நோயாளிகள் எழுதிய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முக்கால்வாசிக்கும் மேலான மருத்துவர்களும் நர்சுகளும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் நாம் வீட்டில் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த முறை போகும்போது, “எப்படிம்மா இருக்கீங்க?” என்றால், “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்தப் ‘பரவாயில்லை’ நமக்கே எதிரி.

மும்பையில் நடந்த ஆய்வு

குமட்டலை அடக்குவதில் ஓலான்சபின் என்ற மாத்திரை நல்ல பலன் தருகிறது. 2016-இல் அமெரிக்காவில் 380 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. வழக்கமான மூன்று மருந்துகளோடு 10 மில்லிகிராம் ஓலான்சபினும் வாங்கியவர்களில் 100-க்கு 37 பேருக்கு ஐந்து நாளும் குமட்டலே இல்லை. வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 22 பேருக்குத்தான் அப்படி. ஆனால் இந்த மாத்திரையில் ஒரு குறை. தூக்கம் ஆளைத் தள்ளுகிறது. ஜப்பானில் பாதி அளவான 5 மில்லிகிராமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நன்றாகவே கேட்டது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்கள். டாக்டர் ஜோதி பாஜ்பாயும் உடன் பணிபுரிந்தவர்களும் கேட்ட கேள்வி எளிமையானது. நம் நாட்டுப் பெண்களுக்கு 10 மில்லிகிராம் தேவைதானா, கால்வாசியான இரண்டரை போதாதா? 2021 தொடங்கி 2023 வரை 275 பேரைச் சேர்த்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். எல்லோருக்கும் கடுமையான வகைக் கீமோ, எல்லோருக்கும் வழக்கமான மூன்று தடுப்பு மருந்துகள். ஒரு பிரிவுக்கு 10, இன்னொரு பிரிவுக்கு 2.5.

முடிவு 2024-இல் வெளியானது. வாந்தி இல்லாமல், கூடுதல் மருந்து இல்லாமல், குமட்டலும் இல்லாமல் அல்லது லேசாக மட்டும் இருந்தவர்கள் 10 பிரிவில் 100-க்கு 44 பேர், 2.5 பிரிவில் 45 பேர். அதாவது சமம். பகல் தூக்கத்தில்தான் பெரிய வித்தியாசம். 10 வாங்கியவர்களில் 90 பேருக்குத் தூக்கக் கலக்கம், 2.5 வாங்கியவர்களில் 65 பேருக்கு. முதல் நாளில் கடுமையான தூக்கக் கலக்கம் என்று பார்த்தால் 40-க்கு எதிராக 5.

இந்த 40-க்கும் 5-க்கும் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெண்ணுக்குத்தான் தெரியும். ஊசி முடிந்து இரண்டு பஸ் மாறி ஊருக்கு வர வேண்டும். வந்தால் அடுப்பு, பால் கறக்கிற மாடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அடுத்த நாள் தூங்கி விழுந்துகொண்டே இருந்தால் யார் பார்ப்பது? ‘நல்ல மருந்துதான், ஆனா என்னால எழுந்திரிக்க முடியல’ என்று மாத்திரையையே விட்டுவிடுவார்கள். தூக்கத்தைக் குறைக்கும் ஆராய்ச்சியை ஒரு பெரிய ஆராய்ச்சியாக மதித்துச் செய்தார்களே, அதுதான் எங்களுக்குப் பிடித்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வில் யார் எந்த அளவு வாங்குகிறார்கள் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியும். கூடுதல் அளவு வாங்குகிறோம் என்று தெரிந்தால் தூக்கமும் கூடுதலாகத் தோன்றலாம். ஒரே மையத்தில் நடந்த ஆய்வும்கூட. அப்புறம், இவ்வளவு மருந்து கொடுத்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கஷ்டத்தை அனுபவித்திருக்கிறார்கள். வேலை இன்னும் முடியவில்லை.

‘இது மனநோய் மாத்திரையாச்சே!’

ஓலான்சபினைப் பற்றி இன்னொன்று. இது முதலில் மனநோய்க்காக வந்த மருந்து. சீட்டைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் கொடுக்கும்போது, “இது மனநிலை சரியில்லாதவங்களுக்குத் தர்றதாச்சே, யாருக்கு?” என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வீட்டுக்காரருக்குச் சந்தேகம், மாமியாருக்குப் பயம், மாத்திரை குப்பைக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம். குமட்டலைத் தூண்டும் பல வழிகளை இந்த மாத்திரை ஒரே நேரத்தில் அடைக்கிறது. அதற்காகத்தான் சில நாட்களுக்கு மட்டும் தருகிறார்கள். நம்மைப் பைத்தியம் என்று நினைத்துத் தருவதில்லை. வலிக்குப் போடும் மாத்திரையே காய்ச்சலுக்கும் ஆவது போலத்தான் இதுவும். எந்த அளவு என்பதை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, ‘இரண்டரை போதுமாமே’ என்று நாமாக மாத்திரையை உடைத்துப் போடக் கூடாது.

மற்ற மாத்திரைகளிலும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலும் தலைவலியும் தரலாம். டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முக்கியமாக, இவை தடுப்பு மருந்துகள். வாந்தி வந்த பிறகு போடலாம் என்று முடிச்சுப்போட்டு வைத்தால் பயனில்லை. சொன்ன நேரத்தில், வாந்தி இல்லாவிட்டாலும், சொன்ன நாள் வரை போட வேண்டும்.

இஞ்சி கேட்குமா?

கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். அமெரிக்காவில் 576 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஊசிக்கு மூன்று நாள் முன்பிருந்தே இஞ்சி மாத்திரை கொடுத்தார்கள், வழக்கமான மருந்தோடு சேர்த்து. முதல் நாள் குமட்டல் குறைந்தது. அதிலும் அரை கிராம், ஒரு கிராம் வாங்கியவர்களுக்குத்தான் பலன் நன்றாகத் தெரிந்தது, ஒன்றரை கிராம் வாங்கியவர்களுக்கு அந்த அளவு இல்லை. கூடக் கூடப் பலன் கூடும் என்பது இல்லை போலும். ஆனால் வேறு சில ஆய்வுகளில் இஞ்சியால் ஒரு பலனும் தெரியவில்லை. எங்கள் எண்ணம் இதுதான்: வாய்க்குப் பிடித்தால் இஞ்சி டீயோ சுக்குத் தண்ணீரோ குடிக்கலாம், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. ரத்தத்தில் தட்டணு குறைந்திருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

முதல் ஊசியே முக்கியம்

முதல் ஊசியில் வாந்தி கடுமையாகிவிட்டால் மனது அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும், அந்த மருந்து வாடை அடித்ததும், ஊசி போடும் முன்பே குமட்டும். ‘இவ நடிக்கிறா’ என்று வீட்டில் சொல்வார்கள். நடிப்பு இல்லை. உடம்பு பழகிக்கொண்ட பாடம் அது. இதை 1982-இலேயே அமெரிக்காவில் ஆராய்ந்து, உடம்பைத் தளர்த்திப் பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பயிற்சியால் இது குறைகிறது என்று காட்டினார்கள். ஆனால் வந்த பிறகு மாற்றுவதைவிட வராமல் தடுப்பது சுலபம். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே பேச வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

குழுவில் ஒருவருக்குக் கீமோ நடக்கிறது என்றால், நோட்டு எழுதப் பழகிய ஒரு சகோதரி அவருக்கு உதவலாம். ஐந்து நாள், ஐந்து வரி. காலை, மாலை எத்தனை முறை வாந்தி. குமட்டலுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண். என்ன சாப்பிட முடிந்தது, எந்த மாத்திரை எப்போது. அடுத்த முறை அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினால் போதும். மருந்தை மாற்றலாமா, கூட்டலாமா என்று அவர் முடிவு செய்ய அதுவே ஆதாரம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது, அல்லது காய்ச்சல் அடிக்கிறது என்றால் தாளெல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

‘ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா?’ என்று உங்களையே கேட்கவும் கூடும். பயந்து ஓட வேண்டாம், யோசிக்காமல் கைநாட்டும் வைக்க வேண்டாம். நம் நாட்டில் மருந்து ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009-இலிருந்து கட்டாயம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். எதற்காக, எத்தனை நாள், என்ன ஆபத்து என்று உங்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. மும்பையில் தினமும் தன் தூக்கத்தையும் குமட்டலையும் எழுதி வைத்த அந்த 275 பேரும் இப்படி ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்கள்தான்.